எது மேல்பக்கம்?

அப்பா 2021 பிப்ரவரியில் இறந்தபோது, வீட்டில் எத்தனை ஓவியங்கள் இருக்கின்றன என்று யாராவது கேட்டிருந்தால், "அறுபது எழுபது இருக்கும்" என்று சொல்லியிருப்பேன். பின்னால் எண்ணி முடித்தபோது கேன்வாஸ் மட்டும் 143 இருந்தன. காகிதத்தில் வரைந்தவை 600-ஐத் தாண்டின. நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். எண்ணிப் பார்க்காமல் விடை எழுதாதே என்று எத்தனையோ பிள்ளைகளைத் திட்டியவள். சொந்த வீட்டில் அப்பாவின் படங்களை எண்ணி முடிக்க எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் போனவை போனவைதான். வழிகாட்ட ஒருவர் இருந்திருந்தால் அவற்றில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

அப்பா 1960-களில் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலம் அது. உடன் படித்த சிலர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது மணலில் குடிசை போட்டுக்கொண்டு, பாத்திக் துணி செய்து விற்றுப் பிழைக்கப் போனார்கள். அப்பாவுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நெசவாளர் சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் சேலைக் கரைக்கு வடிவமைப்பு, இரவில் கேன்வாஸ். அந்த மையத்தில் அப்படி இரட்டை வாழ்க்கை வாழ்ந்த ஓவியர்கள் பலர், கே.எம். ஆதிமூலம் உட்பட. ஆதிமூலத்துக்குப் பின்னாளில் கிடைத்த பெயர் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் புலம்பிக் கேட்டதில்லை. எனக்குத்தான் கொஞ்சம் ஆற்றாமை உண்டு.

1970-களின் நடுவிலிருந்து அவர் வரைந்ததெல்லாம் அரூப ஓவியம். ஆள் இல்லை, மரம் இல்லை, கோயில் இல்லை. நிறப்பரப்புகள், வண்ணம் குழைக்கும் பேலட் கத்தியால் இழுத்த தடங்கள், எங்காவது ஓரத்தில் ஒரு கோடு. முன்பக்கம் கையெழுத்துப் போட மாட்டார். "படத்துக்குள் எழுத்து வந்தால் கண் அங்கேதான் போகும்" என்பார். பெயரும் வைக்க மாட்டார். 143-இல் 120-க்கு மேல் 'தலைப்பில்லை'தான். அவர் இருந்தவரை இதெல்லாம் அழகான பிடிவாதமாகத் தோன்றியது. அவர் போன பிறகுதான் அந்தப் பிடிவாதத்தின் விலை தெரிந்தது. உருவப்படம் என்றால் தலை எங்கே, கால் எங்கே என்று படமே சொல்லும். அம்மாவை வரைந்திருந்தால் அவள் வயதை வைத்து ஆண்டைக்கூட ஊகிக்கலாம். அரூபத்தில் சாட்சி சொல்ல ஒரே ஓர் ஆள்தான். அவர் போய்விட்டால் எப்போது வரைந்தது, முடித்ததா பாதியில் விட்டதா, எது மேல்பக்கம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அவரோடு போய்விடும்.

முதல் தவறை அப்பாவின் காரியம் முடிந்த இருபதாம் நாளே செய்தேன். கொரோனாக் காலம். அவருடைய நண்பர்கள் யாரும் வர முடியவில்லை. அண்ணன் மஸ்கட்டிலிருந்து வரவே முடியவில்லை. தனியாக அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல், துக்கத்தைத் துடைப்பத்தில் காட்டினேன். அவர் அறையில் மூலைக்கு மூலை கட்டுக்கட்டாகப் பழைய தாள்கள். பழைய பேப்பர் வாங்குகிறவரைக் கூப்பிட்டுப் போட்டேன். 46 கிலோ, கிலோ 12 ரூபாய், 552 ரூபாய். அந்தக் கட்டுகளுக்குள் நாற்பது ஆண்டுகளின் கண்காட்சி அழைப்பிதழ்கள் இருந்தன, எந்தப் படம் யாருக்கு விற்றது என்ற ரசீதுகள் இருந்தன, பத்திரிகை விமர்சனங்களின் நறுக்குகள் இருந்தன. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தப்பிப்போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒரே ஒரு கட்டைப் பின்னால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே 1983-ஆம் ஆண்டு அழைப்பிதழ் ஒன்று. அதன் பின்புறம் அப்பா கையால் எழுதிய விலைப்பட்டியல், ஒவ்வொரு படத்துக்கும் அளவோடு. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதனால் இதை முதலில் சொல்கிறேன்: ஓர் ஓவியர் இறந்தால், ஆறு மாதத்துக்கு அவர் அறையிலிருந்து ஒரு துண்டுத் தாளைக்கூட வெளியே போட வேண்டாம். பஸ் டிக்கெட்டாக இருந்தாலும் இருக்கட்டும். பெட்டியில் போட்டு, பெட்டி மேல் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி வைத்தால் போதும். தரம் பிரிக்கும் வேலை துக்கம் ஆறிய பிறகு.

இரண்டாவது, பாதுகாக்கிறேன் என்று நினைத்துச் செய்தது. வேளச்சேரி வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை உண்டு. பெரிய அக்ரிலிக் படங்கள் பன்னிரண்டைக் குமிழ் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி, டேப் ஒட்டி, அங்கே ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தேன். செய்து முடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் ஒன்றைப் பிரித்தேன். கருநீலப் பரப்பு முழுக்க, ஸ்கேல் வைத்து வரிசை போட்டது போல வட்டம் வட்டமாகத் தடம். வெயிலில் அக்ரிலிக் இளகும். இளகிய வண்ணத்தில் குமிழ்கள் முத்திரை குத்திவிட்டன. விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. அப்பாவின் ஒரு கத்தித் தடம் அந்த வட்டங்களுக்கு நடுவில் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. பன்னிரண்டில் ஐந்துக்கு இந்தக் கதி. குமிழ்த்தாள் படத்தின் முகத்தில் நேராகப் படவே கூடாது. அமிலமற்ற மெல்லிய தாளை முதலில் போர்த்தி, அதற்கு மேல்தான் மற்றதெல்லாம். அதுவும் வண்டியில் ஏற்றி இறக்கும் நேரத்துக்கு மட்டும். வீட்டில் வைப்பதற்குத் துவைத்த பருத்தித் துணி போதும். சென்னையின் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் உறை உள்ளே புழுக்கத்தை அடைத்து வைத்துப் பூஞ்சணத்தைத்தான் வளர்க்கும். கேன்வாஸைச் சுருட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான குழாய் மேல் சுருட்ட வேண்டும். நாம் எல்லோரும் நாட்காட்டியைச் சுருட்டுவது போல உள்பக்கமாகத்தான் சுருட்டுகிறோம். அப்படிச் செய்தால் வண்ணம் நசுங்கி வெடிக்கும். காகித ஓவியத்தை லேமினேட் செய்யக் கொடுக்கவே கூடாது. அதைச் செய்துவிட்டு என்னிடம் ஆலோசனை கேட்டவர்கள் இரண்டு பேர். என்ன சொல்வது?

வெயிலுக்குப் பயந்து எல்லாவற்றையும் கீழ்த்தளத்துக்கு இறக்கினேன். 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். வேளச்சேரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் மூன்றடித் தண்ணீர். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முடிந்தவற்றை மாடிப்படியில் ஏற்றினோம். தரையில் நிறுத்தி வைத்திருந்த 19 கேன்வாஸ்கள் பாதி நனைந்துவிட்டன. மழை விட்ட மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? வற்றல் காயவைப்பது போல மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். பழைய கேன்வாஸ்களுக்கு அடியில் பசைப்பூச்சு இருக்கும். நனைந்தால் பசை ஊறிப் பிடிப்பு விடும், துணி சுருங்கும், மேலே இருக்கும் எண்ணெய் வண்ணம் சுருங்காது, வெயிலில் சட்டென்று காய்ந்தால் உதிர்ந்துவிடும். மதியம் மூன்று மணிக்கு மாடி ஏறிப் பார்த்தால் தரையெங்கும் செதில் செதிலாகச் சிவப்பும் மஞ்சளும். ஒரு முறத்தை எடுத்து வந்து கூட்டி அள்ளினேன். அந்தச் செதில்களை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். பயன் எதுவும் இல்லை, எறிய மனம் வரவில்லை.

நனைந்த படத்தை நிழலில், முகம் மேலே பார்க்கும்படி கிடத்தி, மின்விசிறியைப் படத்தின் மேல் நேராக வீசாமல் அறைக்குள் காற்றோட்டத்துக்காக மட்டும் ஓடவிட வேண்டும். துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்கலாம். துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்திலிருந்து கழற்றக் கூடாது. காகிதங்களுக்கு இடையே மையொற்றும் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளைக்குள் பூஞ்சணம் கிளம்பிவிடும் என்பதால் அந்த 48 மணி நேரம்தான் கையில் இருப்பது. அதற்குள் முறையாகப் பயின்ற ஓவியப் பாதுகாப்பு நிபுணர் ஒருவரைத் தொலைபேசியிலாவது பிடித்துவிட வேண்டும். எனக்கு நிபுணர் கிடைத்தது பதினேழாம் நாள். நான்கு படங்களை மீட்க 1,40,000 ரூபாய் ஆயிற்று. மற்ற பதினைந்துக்கு என்னிடம் பணம் இல்லை. அதற்கு முன்பே பிரேம் கடைக்காரர் ஒருவர் "நானே டச்சப் செய்து தருகிறேன், மூவாயிரம் கொடுங்கள்" என்றார். நல்லவேளை, அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. என் முட்டாள்தனத்துக்கும் ஓர் எல்லை இருந்திருக்கிறது.

அந்த நிபுணர் படங்களைப் பார்க்க வந்தபோது கேட்ட முதல் கேள்வியிலேயே நான் திணறிவிட்டேன். ஒரு படத்தின் நீளவாட்டில் சேற்றுக் கோடு படிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான் கீழ்ப்பக்கமா?" என்றார். நான் அப்படி நிறுத்தி வைத்திருந்தேன், அவ்வளவுதான். எந்தப் பக்கம் கீழே என்று அப்பா நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. வெள்ளம் வந்து அந்தப் படங்களுக்கெல்லாம் ஒரு கீழ்ப்பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

இதற்கு நடுவில் கேலரி விவகாரம். 2022-இல் கேலரி நடத்துகிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் படங்கள் முன்னால் நின்று கண்கலங்கினார். "உங்கள் அப்பாவை நாம் உலகத்துக்குக் காட்ட வேண்டும், அம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்பது அப்போது எனக்கே தெரியாது. 11 படங்களை அவர் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். கைச்சீட்டு எதுவும் வாங்கவில்லை. வாட்ஸாப்பில் "வந்து சேர்ந்தது" என்று ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். பதினான்கு மாதம் கழித்து இரண்டு படங்களுக்கான பணம் வந்தது. பிறகு கேலரியை மூடிவிட்டார்கள். அலைந்து திரிந்து ஐந்தைத் திரும்பப் பெற்றேன். 11-இல் 2 போய், 5 போய், மிச்சம் 4. இந்தக் கணக்கை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும். அந்த நான்கும் எங்கே என்று இன்றுவரை பதில் இல்லை. வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். "படங்களின் புகைப்படம் இருக்கிறதா? அளவு? நீங்கள் கொடுத்ததற்கு அத்தாட்சி?" என்றார். மூன்றும் இல்லை. ஆலோசனைக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

விற்பனைக்குக் கொடுக்கும்போது ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும். பத்திரம் போலப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்தின் எண், புகைப்படம், அளவு, இப்போதிருக்கும் நிலை, குறைந்தபட்ச விலை, கேலரியின் கமிஷன் எத்தனை சதவீதம், விற்ற எத்தனை நாளில் பணம் வர வேண்டும், விற்காவிட்டால் எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும், இடையில் சேதமானால் யார் பொறுப்பு, காப்பீடு யார் செலவு, வாங்கியவர் பெயரை நமக்குச் சொல்வார்களா. கடைசியாகச் சொன்னதைப் பல கேலரிகள் விரும்பாது. ஆனால் பத்து ஆண்டு கழித்து ஒரு கண்காட்சிக்கு அந்தப் படத்தை இரவல் கேட்க வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. விற்கும் வரை படம் நம்முடையது என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கே அது அலுப்பூட்டும் பகுதி. அம்மா முன்பே போய்விட்டாள், உயில் இல்லை. ஆகவே ஒவ்வொரு படத்திலும் பாதி அண்ணனுடையது. நான் 11 படங்களைத் தூக்கிக் கொடுத்தபோது பாதியை அவனைக் கேட்காமல்தான் கொடுத்திருக்கிறேன். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, முழுப் பட்டியலையும் இணைத்து இருவரும் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டோம். அண்ணன் மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பினான். அப்படி வெளிநாட்டிலிருந்து வரும் பத்திரத்துக்கு, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். படத்தை விற்றாலும் பதிப்புரிமை அதோடு போய்விடாது. எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தால்தான் போகும். அந்த உரிமை ஓவியர் இறந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அப்பாவுக்கு 2081 முடியும் வரை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு: அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு, அதிகபட்சம் 10 சதவீதம். ஏட்டில் அப்படி. யாரும் தேடி வந்து கொடுத்ததில்லை. வரியைப் பொறுத்தவரை, பரம்பரையாக வருவதற்கு வரி கிடையாது, விற்றால் உண்டு. ஓவியங்களைச் சொந்த உபயோகப் பொருள் என்று காட்டித் தப்பும் வழி 2008-09 மதிப்பீட்டு ஆண்டோடு அடைபட்டுவிட்டது. ஓர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

2024 கோடை விடுமுறையில்தான் உட்கார்ந்து பதிவேடு எழுதினேன். நீளமான கோடு போட்ட கணக்கு நோட்டு. எண், அளவு (உயரம் முதலில், அகலம் அடுத்து), எதன் மேல் எதனால் வரைந்தது, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, நிலை, இருக்கும் இடம். மரச்சட்டத்தில் மென்மையான பென்சிலால் எண் போட்டேன். பால்பாயிண்ட் பேனா துணியில் ஊறி முன்பக்கம் வரலாம், ஸ்டிக்கர் இரண்டு மழைக்காலம் தாங்காது. புகைப்படத்துக்காக அதற்கு முன் ஒரு ஸ்டுடியோவுக்கு 38,000 ரூபாய் கொடுத்திருந்தேன். திருமணப் படம் எடுக்கிறவர்கள். நேர்எதிரே விளக்கு வைத்து எடுத்ததில் எண்ணெய்ப் பளபளப்பு முழுக்க வெள்ளைத் திட்டாக விழுந்திருந்தது. போதாததற்கு "கொஞ்சம் பிரைட் பண்ணியிருக்கோம் மேடம்" என்று நிறத்தை வேறு கூட்டியிருந்தார்கள். அப்பாவின் சாம்பல் நிறங்கள் எல்லாம் பாவாடைக் கடை நீலமாகியிருந்தன. திரும்ப எடுக்க வைத்தேன், வேறு ஆளை வைத்து. இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, ஓரத்தில் நிறத்தை ஒப்பிடும் அட்டையும் ஸ்கேலும், முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு படம். மூன்று பிரதி: வீட்டில் ஒன்று, அண்ணனிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று.

பின்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். முன்பக்கம் வாய் திறக்காத படங்கள் பின்பக்கம் பேசின. கடைச் சீட்டு, சுங்க முத்திரை, அம்மாவின் மளிகைக் கணக்கு, அழித்துவிட்டு மறுபடி எழுதிய ஆண்டு. ஆனால் அம்புக்குறி போட்டு 'மேல்' என்று எழுதியவை 143-இல் 31 மட்டுமே. மற்றவற்றுக்குத் துப்புத் துலக்க வேண்டியிருந்தது. வண்ணம் வழிந்த திசையைப் பார்க்கலாம் என்றால், அப்பா கேன்வாஸைத் தரையில் கிடத்தித் திருப்பித் திருப்பி வரைகிறவர். மாட்டுவதற்கான கம்பியைப் பார்த்தால், அதைப் போட்டது பெரும்பாலும் பிரேம் கடைப் பையன்.

பதில் கிடைத்தது கண்காட்சியில்தான். 2025 ஜனவரியில் ஓர் அரங்கை ஏழு நாளுக்கு வாடகைக்கு எடுத்து 40 படங்களை மாட்டினேன். கேட்டலாக் 500 பிரதி அச்சிட்டேன், 2,60,000 ரூபாய். 340 பிரதி இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. இருநூறு போதும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்து, தன் சோபாவுக்குப் பொருந்துகிற நீலம் இருக்கிறதா என்று கேட்டாள். மூன்றாம் நாள் மாலை அப்பாவின் கல்லூரித் தோழர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். "பாப்பா, இதை யார் இப்படி மாட்டினார்கள்?" என்றார். நான்தான் என்றேன். "உன் அப்பா பார்த்தால் சிரித்திருப்பார். தலைகீழாக இருக்கிறது." கேட்டலாக்கின் அட்டையிலும் அதே படம்தான், அதே தலைகீழாக.

அன்றிரவு அழுதேன் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு படித்தபோது தெரிந்தது, இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1961-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ஒரு படகுப் படம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் 'நியூயார்க் நகரம் 1' என்ற படம் 1945-லிருந்து தலைகீழாகவே மாட்டப்பட்டிருக்கிறது என்று 2022-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். வண்ண நாடாக்களை ஒட்டிச் செய்த படம். இப்போது திருப்பினால் அவை பிய்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அத்தனை நிபுணர்கள் இருந்தும் அந்தக் கதி என்றால், வேளச்சேரிக் கணக்கு டீச்சரை மன்னிக்கலாம்.

மறுநாள் மாமா இரண்டு வழிகள் சொல்லிக்கொடுத்தார். ஒன்று குப்பை. கேன்வாஸின் பின்பக்கம், அடிச்சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். பல ஆண்டுகள் சுவரில் தொங்கிய படம் என்றால் தூசு, சட்டத்தின் மூலையிலிருந்து விழுந்த மர ஆப்பு, பல்லி முட்டை ஓடு எல்லாம் அங்கேதான் சேரும். மேல்சட்டத்தின் தலையில் தூசு படிந்திருக்கும். நான் அதுவரை பெரும்பாலான படங்களை எண் போடுவதற்கு முன் பிரஷ்ஷால் சுத்தமாகத் துடைத்திருந்தேன். துடைக்காமல் மிச்சமிருந்த 26 படங்களில் மட்டும் அந்தச் சாட்சியம் கிடைத்தது.

இன்னொன்று ஸ்லைடு. அந்தக் காலத்தில் அகாதெமிக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்க 35 மில்லிமீட்டர் ஸ்லைடு, அதாவது ஓவியத்தைப் பிடித்துச் சிறு சட்டத்தில் செருகிய பிலிம் துண்டு, அனுப்புவார்கள். தேர்வுக் குழு திரையில் தலைகீழாகப் பார்த்துவிடக் கூடாதே என்று ஸ்லைடுச் சட்டத்தின் இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். "உன் அப்பா அதில் ரொம்பக் கறார், தேடிப் பார்" என்றார் மாமா. அப்பாவின் தையல் பெட்டிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னில் 64 ஸ்லைடுகள் இருந்தன. நான்கில் ஒன்றில் பூஞ்சணம். ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் புள்ளி. சில சட்டங்களில் பொடி எழுத்தில் ஆண்டு. ஜன்னலில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அட்டைப்படம் வந்தது. மாமா சொன்னது சரி. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் 1970-களின் சிறுபத்திரிகைகளைப் புரட்டியதில் அப்பாவின் கோட்டோவியங்கள் எட்டு கிடைத்தன. இதழின் மாதமும் ஆண்டும் அச்சில் இருந்ததால், அதே கோட்டுப் பாணியில் உள்ள கேன்வாஸ்களுக்கும் 'ஏறத்தாழ' என்று போட்டு ஆண்டு எழுத முடிந்தது. 'ஏறத்தாழ' என்பதை விட்டுவிட்டு உறுதிபோல எழுதும் ஆசை வரும், எழுதக் கூடாது.

வீட்டில் ஓவியர் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால், இந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு கேன்வாஸையும் காட்டிக் கேளுங்கள். அர்த்தம் என்ன என்று கேட்காதீர்கள், அவர் எரிச்சலடைவார். எது மேலே, எந்த ஆண்டு, முடிந்ததா, யாரிடம் இன்னொன்று இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பின்பக்கம் அவர் கையாலேயே ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். நான் ஐம்பது ஆண்டு அவரோடு இருந்தும் கேட்காத கேள்வி அது.

இப்போது 143-இல் 118-க்கு மேல்பக்கம் தெரியும். சேற்றுக் கோடு விழுந்த அந்தப் படம் என் பதிவேட்டில் 87-ஆம் எண். அதற்கு ஸ்லைடு இல்லை. குப்பையை வெள்ளம் கழுவிவிட்டது. மாமா, சிவப்பு மேலே என்கிறார். அண்ணனிடம் வீடியோவில் காட்டினேன். "சைதாப்பேட்டை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது இது. அதன் அடியில் பாய் போட்டுத்தான் நான் படுப்பேன். சிவப்பு என் தலைக்கு நேரே, கீழே இருக்கும்" என்றான். அவனுக்கு அப்போது ஆறு வயது. நான் பென்சிலால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் எழுதி, தேதி போட்டேன். படம் இப்போது நிபுணரிடம் இருக்கிறது. சேற்றை எடுத்துவிட்டார். எந்தப் பக்கம் கொக்கி போட வேண்டும் என்று போன வாரம் கேட்டார். நான்கு பக்கமும் போடச் சொல்லியிருக்கிறேன்.